எஸ் என்றால் பரிசுத்தம்

செல்வதாஸ் எஸ்டேட் கச்சேரிக்கு வேலைக்குப் புறப்படும்போது குடையை மறந்தாலும் மறப்பார், சோற்றுப் பாத்திரத்தை மறந்தாலும் மறப்பார், கிராமபோன் பெட்டியின் கைப்பிடியை மட்டும் மறக்கமாட்டார். வளைந்த அந்த இரும்புக் கைப்பிடியைக் கைக்குட்டையில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் படியிறங்குவார். பெட்டிக்குச் சாவி கொடுக்க அது வேண்டும். அது இல்லாவிட்டால் தட்டு சுற்றாது, பாட்டு வராது. தான் இல்லாத நேரத்தில் வீட்டில் யாரும் பெட்டியைத் தொடக்கூடாது என்பதற்கு அவர் கண்ட வழி அது. யாரும் என்றால் அவர் மனைவி நேசம்மாள்தான். பையன்கள் இருவரும் நாகர்கோவிலில் போர்டிங்கில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அருமனைக்குக் கிழக்கே ரப்பர் எஸ்டேட் ஒன்றின் கச்சேரியில் அவர் ஹெட்கிளார்க். பஸ்ஸில் உட்காரும்போது அந்தக் கைப்பிடி தொடையில் குத்தும் என்று அவரே ஒருநாள் சொல்லியிருந்தார். குத்தட்டும், இன்னும் கொஞ்சம் ஆழமாகக் குத்தட்டும் என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டே நினைத்துக்கொள்வாள் நேசம்மாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆன பெண்ணுக்குக் கணவன்மேல் இருக்கக்கூடிய மரியாதை அவளுக்கு அவர்மேல் இல்லை. இருப்பதுபோல் நடந்துகொள்ள மட்டும் தெரியும்.

அந்தப் பெட்டி வந்த கதையே அவருடைய லட்சணத்தைச் சொல்லிவிடும். நாற்பத்தொன்பதாம் வருஷம் மிஷன் பங்களாவில் இருந்த துரை குடும்பத்தோடு சீமைக்குத் திரும்பிப் போனார். அவர் விட்டுப்போன சாமான்களைப் பங்களா முற்றத்தில் வைத்து ஏலம் போட்டார்கள். புத்தியுள்ளவர்கள் கட்டில் எடுத்தார்கள், பீங்கான் பரணி எடுத்தார்கள். உபதேசியார் ஞானையன்கூட ஒரு நல்ல சாய்வு நாற்காலியைப் பிடித்துவிட்டார். செல்வதாஸ் கிராமபோன் பெட்டியை எடுத்தார். பெட்டிக்குள் ஒரே ஒரு தட்டு இருந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கீறல். மறுபக்கம்தான் பாடும். சொந்தத் தம்பி ஒருமுறை போட்டுக் கழித்த சட்டையை, அடுத்தவன் உடுத்ததை நான் உடுப்பேனா என்று திருப்பி அனுப்பிய மனுஷன், துரை கேட்டுக் கழித்த தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார்.

தட்டின் நடுவில் ஒட்டியிருந்த சிவப்புக் காகிதத்தைக் கரையான் பாதி தின்றிருந்தது. மிச்சமிருந்த நாலைந்து எழுத்தை வைத்துக்கொண்டு பாட்டின் பெயரையும் கண்டுபிடிக்க முடியவில்லை, கட்டியவர் பெயரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏலம் கூறியவன் மட்டும், இது நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜெர்மன் வித்துவான் கட்டியது, துரைசானி தினம் கேட்பாள் என்று சொல்லியிருந்தான். செல்வதாஸுக்கு அது போதும். அந்த வித்துவானுக்கு ஒரு மனைவியை உண்டாக்கி, அவளைக் காச நோயில் சாகடித்து, அவள் கல்லறைக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்து அந்தப் பாட்டைக் கட்டவைத்தார். ஒரு மாதத்துக்குள் அது எல்லாம் தான் எங்கோ புத்தகத்தில் படித்தது என்று அவரே நம்பிவிட்டார்.

பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்னப் பித்தளை நெம்பு இருந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளலாம். ஒரு முனையில் எஃப் என்றும் மறுமுனையில் எஸ் என்றும் ஆங்கில எழுத்து வெட்டியிருந்தது. அதை என்னவென்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே. ஒரு சாயங்காலம் முழுக்கத் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்துவிட்டு நேசம்மாளைக் கூப்பிட்டு விளக்கினார்.

"எஃப் எண்ணா ஃபெஸ்டிவல். கூத்து, கும்மாளம், குடிகாரனுவ ஆடுத பாட்டுக்கு உள்ளது. எஸ் எண்ணா சேக்ரெட். பரிசுத்தமாக்கும். துரைமாரு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா வழி வச்சிருக்காவ. மனசிலாச்சா?"

மனசிலாயிற்று என்று அவள் தலையாட்டினாள். அவர் நெம்பை எஸ் முனையில் கொண்டுபோய் முட்டவைத்தார். அன்று முதல் அது அங்கேயே நின்றது. தட்டு சோம்பேறித்தனமாகச் சுற்ற ஆரம்பித்தது. தொண்டை கட்டிய ஆண்பிள்ளைகள் கூடி அழுவதுபோல் பிடில்கள் கீழ் ஸ்தாயியில் இழுத்தன. அவர்களுடைய கோயிலில் எந்தப் பாமாலையையும் அப்படித்தான் பாடுவார்கள். ஒரு வரியைப் பாடி முடிப்பதற்குள் ஒரு வெற்றிலை மென்று துப்பிவிடலாம். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு பக்தி என்று அந்தச் சபையில் எல்லோருக்கும் எண்ணம். அதனால் பாட்டு இழுபட்டபோது செல்வதாஸுக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. எஸ் சரியான எஸ்தான் என்று உறுதிப்பட்டது.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆராதனை முடிந்து சாப்பாடான பிறகு வீட்டில் பாட்டு உண்டு. உபதேசியார் ஞானையன் வருவார். பக்கத்துக் கடைக்காரர் பொன்னுலிங்கம், இந்துவானாலும், சும்மா கிடைக்கும் காப்பிக்காக வருவார். வெற்றிலை போடக்கூடாது, இருமக்கூடாது, காலை ஆட்டக்கூடாது. நேசம்மாள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நிற்கலாம், ஆனால் பாத்திரச் சத்தம் கேட்கக்கூடாது. தட்டு ஓடி முடியும்வரை செல்வதாஸ் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். முடியும்போது இரண்டு கண்ணிலிருந்தும் நீர் வடிந்திருக்கும். அதைத் துடைக்கமாட்டார். எல்லோரும் பார்த்த பிறகுதான் துடைப்பார். முதல் தடவை கேட்டு முடிந்ததும் பொன்னுலிங்கம் மரியாதையாகக் கேட்டார்: "கொள்ளாம் சாரே. இனி பாட்டு எப்பம் தொடங்கும்?"

செல்வதாஸ் அவரைப் பார்த்த பார்வையில் ஒரு மூட்டை அரிசி வெந்திருக்கும். சீமைச் சங்கீதத்தை ரசிக்க ஒரு பாரம்பரியம் வேண்டும், தராசு பிடிக்கிற கைக்கு அது வராது என்று அன்று ஆரம்பித்த பிரசங்கம் வாராவாரம் தொடர்ந்தது. ஞானையன் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவார். அவருக்குப் பாட்டும் புரியாது, பிரசங்கமும் புரியாது, தலை மட்டும் தானாக ஆடும். கதவுக்குப் பின்னால் நின்ற நேசம்மாள் மூன்று பேரையும் சேர்த்துத்தான் வெறுத்தாள். ஆனால் அந்தக் கண்ணீரைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை. அதில் ஒரு சொட்டுகூட நிஜம் இல்லை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

அவளுடைய முடிவுக்குக் காரணம் இருந்தது. இந்த மனுஷனுக்குத் தானாக ஒன்று பிடித்ததாக அவள் கண்டதே இல்லை. சாளைக் கருவாடு வறுத்து வைத்தால் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, துரை இதன் வாடையைத் தாங்கமாட்டார் என்பார். செங்கவருக்கை மாம்பழத்தை உரித்துக் கொடுத்தால், துரைசானிக்கு இந்தப் பழத்தில் கொஞ்சம் பிரியம் உண்டு என்று சொல்லிவிட்டுத்தான் வாயில் வைப்பார். பெண் பார்க்க வந்த அன்றே, இவள் நிறத்தைப் பற்றித் துரை ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை என்று அவளுடைய அப்பாவிடம் சொன்னவர்தானே. துரை போய் இரண்டு வருஷம் ஆகியும் அவர் நாக்கில் குடியிருந்தார்.

இவ்வளவு வெறுத்த நேசம்மாளுக்கு அந்தத் தட்டு மட்டும் வேண்டும் என்று எப்படித் தோன்றியது என்பதை அவளாலேயே சொல்ல முடியாது. ஒரு திங்கட்கிழமை, அவர் பஸ் ஏறிப்போன பிறகு, தூசி துடைக்க மூடியைத் திறந்தாள். தட்டைச் சுற்றவிடாமல் பிடிக்கும் தடையை விலக்கிவிட்டுத் தட்டின் நடுவே, அந்தச் சிவப்புக் காகிதத்தில் ஒரு விரலை வைத்துச் சுற்றிப் பார்த்தாள். சுற்றியது. இரும்பு ஊசி டப்பாவை அவர் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். அவள் கொல்லைக்குப் போய் நாரத்தை மரத்திலிருந்து நல்ல முள்ளாக ஒன்றைக் கிள்ளிவந்து, ஊசி இருக்க வேண்டிய இடத்தில் செருகித் திருகினாள். மறுபடி விரலால் சுற்றினாள். பெட்டிக்குள்ளிருந்து யாரோ முனகினார்கள்.

முதல் சில நாள் அது முனகலாகத்தான் இருந்தது. விரல் ஒரே சீராகச் சுற்றினால்தானே பாட்டு பாட்டாக வரும். சுற்றிச் சுற்றிக் கை பழகியபோது, பிடில்களுக்கு அடியில் ஒரு தாளம் இருப்பது அவளுக்குத் தட்டுப்பட்டது. ஒன்று பெரிது, இரண்டு சிறிது. ஒன்று பெரிது, இரண்டு சிறிது. முறத்தில் அரிசி புடைக்கும்போது ஒரு வீச்சு வீசி இரண்டு தட்டுத் தட்டுவோமே, அதே கணக்கு. புடைக்கிற வேகத்துக்கு விரலை விட்டாள். அவ்வளவுதான். தொண்டை கட்டிய ஆண்பிள்ளைகள் எல்லாம் எங்கே போனார்களோ, பெட்டிக்குள்ளிருந்து ஒரு கூட்டம் பெண்கள் சிரித்துக்கொண்டு ஓடிவந்ததுபோல் இருந்தது. மேலே மேலே ஏறிப்போய், உச்சியில் ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்று, பிறகு துள்ளிக் குதித்துக் கீழே இறங்கியது பாட்டு. நேசம்மாளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இது சாவுப் பாட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, ஆடுகிற பாட்டு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தில் பாதி பாட்டுக்கு, பாதி ஞாயிற்றுக்கிழமைக் கண்ணீருக்கு.

அதன் பிறகு மத்தியானங்கள் அவளுடையவை. உலை கொதித்துக் கஞ்சி பொங்கி அடுப்பை அணைத்தாலும் கவலைப்படமாட்டாள். முள்ளின் சத்தம் மெல்லியது, வேலிக்கு வெளியே போகாது. உச்சியில் பாட்டு மூச்சைப் பிடித்து நிற்கும் அந்த இடம் வரும்போது அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது குதிக்கும்போது தோளை ஒரு குலுக்குக் குலுக்குவாள். முப்பத்தாறு வயதில், இரண்டு பிள்ளை பெற்றவள், சபையில் கன்னியாஸ்திரிபோல் குனிந்த தலை நிமிராதவள் என்று பெயர் எடுத்தவள், தன் வீட்டு நடுக்கூடத்தில் தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். அவள் விரல் பட்டுப் பட்டுக் கரையான் மிச்சம் வைத்த எழுத்தும் தேய்ந்து, காகிதம் வெளிறிப்போயிற்று. செல்வதாஸ் அதைப் பார்த்துவிட்டுக் கரையானைத் திட்டினார். பெட்டிக்கடியில் மண்ணெண்ணெய் தடவினார்.

இப்படி ஒரு வருஷம் போயிருக்கும். அந்த வருஷத்துத் தவசு காலத்தில் செல்வதாஸுக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில், சிலுவையில் சொன்ன ஆறாவது வார்த்தைக்கும் ஏழாவது வார்த்தைக்கும் நடுவில், சபை முழுக்க முழங்காலில் இருக்கும்போது, பெட்டியைப் பலிபீடத்துக்குப் பக்கத்தில் வைத்து அந்தத் தட்டைப் போடவேண்டும். போதகர் ஐயருக்கு யோசனை பிடித்துவிட்டது. உபதேசியாருக்குப் பிடிக்காமல் போகுமா, அவர் முன்கூட்டியே தலையாட்டிவிட்டார்.

நேசம்மாளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆண்டவர் சிலுவையில் தொங்கும் நேரத்தில் ஆட்டப்பாட்டு. ஆனால் அதனால் என்ன கெட்டுப்போகும்? இழுத்து வைத்தால் அந்தச் சபையில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. எல்லோரும் அழுதுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். புதன்கிழமை சாயங்காலம் செல்வதாஸ் கால் தரையில் படாமல் வீட்டுக்கு வந்தார். மிஷன் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் டாக்டர் மதாம்மா பெரிய வெள்ளிக்கு நம்முடைய கோயிலுக்கு வருகிறாள் என்று ஐயர் சொன்னாராம். இவ்வளவு நாள் குருடர்களுக்கு விளக்குக் காட்டிக்கொண்டிருந்தேன், இனிமேல் தெரிந்து கேட்க ஒரு ஆளாவது உண்டு என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தார்.

நேசம்மாளுக்கு அதோடு சிரிப்பு நின்றது. மதாம்மாவுக்குத் தெரியாமல் இருக்காது. இவரிடம் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று முதல் கேள்வி வரும். அதற்கு மேல் பெட்டி இந்த வீட்டில் இருக்காது, எஸ்டேட் கச்சேரி அலமாரிக்குப் போய்விடும். தன் மத்தியானங்கள் போய்விடும். சொல்லாவிட்டால் இந்த மனுஷன் சபை நடுவில் கோமாளியாக நிற்பார். நிற்கட்டுமே என்று ஒரு மனது சொன்னது. பதினெட்டு வருஷமாக உன்னைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினவன்தானே என்றது. இன்னொரு மனது அவ்வளவு சத்தமாகப் பேசவில்லை.

அந்த இன்னொரு மனதுக்காக வியாழக்கிழமை மத்தியானம் ஒரே ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தாள். அன்று அவருக்கு விடுமுறை. சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அந்த நேரத்துக்கு ஒரு பாமாலை படிச்சா போராதா? தட்டு வேண்டாம்."

செல்வதாஸ் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நேசம், நீ குழம்பைப் பாரு. சங்கீதத்தை நான் பாத்துக்கிடுதேன்."

சரி, பார்த்துக்கொள்ளும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அவள் குழம்பைப் பார்த்தாள். அந்தச் சாயங்காலம் தட்டை அவளே மெல்லிய துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள். துடைக்கும்போது அவளுக்கு இரக்கம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. டாக்டர் மதாம்மாவை முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். எலும்பும் தோலுமான, வயதான பெண்பிள்ளை. ஆறாவது வார்த்தை முடிந்தது. சபை முழங்காலில் விழுந்தது. செல்வதாஸ் கறுப்புக் கோட்டோடு எழுந்து போய்க் கைக்குட்டையைப் பிரித்துக் கைப்பிடியை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி நிதானமாகச் சாவி கொடுத்தார். ஊசியை வைத்தார். பிடில்கள் அழ ஆரம்பித்தன.

சபையும் அழுதது. பெண்கள் பக்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் எழுந்தது. ஞானையன் தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். நேசம்மாள் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். அந்த இழுவைக்கு அடியில் அவளுடைய பாட்டு மூச்சுமுட்டிக் கிடப்பது அவளுக்குக் கேட்டது. நிமிர்ந்து மதாம்மாவைப் பார்த்தாள். மதாம்மா தலையைச் சாய்த்து, வழி தவறிப்போன ஆட்டைப் பார்ப்பதுபோல் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆராதனை முடிந்து பெட்டியை வெளியே கொண்டுவந்து முகப்பில் ஒரு மேஜைமேல் வைத்திருந்தார்கள். செல்வதாஸ் அதற்குப் பக்கத்தில் வாழ்த்து வாங்க நின்றார். கூட்டம் சுற்றி நின்றது. மதாம்மா வந்து கைகுலுக்கினாள். அவளுக்கு ஆஸ்பத்திரித் தமிழ் நன்றாக வரும். ஒவ்வொரு எழுத்தாக வைத்துப் பேசுவாள்.

"இந்தப் பாட்டு என் தாயாருக்குப் பிரியமான பாட்டு. என் தாயார் இளவயதில் இதற்கு நடனம் ஆடியிருக்கிறார்கள். ஏன் இவ்வளவு மெதுவாக வைத்தீர்கள்?"

செல்வதாஸ் சிரித்தார். துரைமார் எது சொன்னாலும் முதலில் சிரிப்பது அவர் வழக்கம். பிறகுதான் காதில் விழும். நெம்பைக் காட்டி, எஃப், ஃபெஸ்டிவல், எஸ், சேக்ரெட் என்றார். அந்த அம்மாள் குனிந்து பார்த்தாள். கெட்ட எண்ணம் உள்ளவள் இல்லை, நோயாளிக்கு மருந்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிற பொறுமையோடு, எஃப் என்றால் ஃபாஸ்ட், எஸ் என்றால் ஸ்லோ, வேறொன்றும் இல்லை என்று சொன்னாள். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். விரலால் நெம்பை எஃப் பக்கமாகப் பாதிவரை தள்ளி, ஊசியை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டாள்.

பாட்டு கோயில் முகப்பில் துள்ளியது. சின்னப்பிள்ளைகள் இரண்டு பேர் கையைக் கோர்த்துக்கொண்டு குதித்தார்கள். யாரோ ஒரு கிழவி, சவம், பெரிய வெள்ளியும் அதுவுமாக என்று வைதாள். போதகர் ஐயர் இருமினார். முதலில் சிரித்தவர் ஞானையன். கண்ணீர் காய்ந்த தடம் இன்னும் கன்னத்தில் இருந்தது, அதோடேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு எல்லோருக்கும் தைரியம் வந்துவிட்டது.

செல்வதாஸ் யாரையும் பார்க்க முடியாமல் தன் மனைவியைத் தேடினார். பாட்டு அப்போது உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஏறி, மூச்சைப் பிடித்து நின்றது. அது குதிப்பதற்கு ஒரு கணம் முன்னால் நேசம்மாளின் தோள் குதித்தது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. பழகிய உடம்பு, அவளைக் கேட்டுக்கொண்டு குதிக்காது. அவர் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தார்கள். பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டுக் கோட்டைக் கழற்றாமல் நின்றார் செல்வதாஸ். "நீ முன்னயே கேட்டிருக்க."

"கேட்டிருக்கேன்."

"எப்பிடி? கைப்பிடி எனக்க பையிலல்லியா?"

நேசம்மாள் வலது கையின் சுட்டுவிரலைக் காட்டினாள். நுனி காய்த்துப்போயிருந்தது. அவர் விரலைப் பார்த்தார். மூடியைத் திறந்து, தட்டின் நடுவில் வெளிறிக் கிடந்த காகிதத்தைப் பார்த்தார்.

"அப்பம் கரையான் இல்ல," என்றார்.

அவர் கத்துவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அதற்குப் பதில்களையும் தயாராக வைத்திருந்தாள். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்றுகூட அவர் கேட்கவில்லை. கைப்பிடியைப் பையிலிருந்து எடுத்துச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். திங்கட்கிழமை கச்சேரிக்குப் போகும்போது அதை எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. ஊசி டப்பாவும் வெளியே கிடந்தது. காப்பாற்ற வேண்டிய பொருள் ஏதும் இனி அந்தப் பெட்டியில் இல்லை என்று ஆகிவிட்டதுபோல.

ஊர் அவருக்கு ஃபெஸ்டிவல் சார் என்று பெயர் வைத்துவிட்டது. பஸ்ஸில் சொன்னார்கள், சந்தையில் சொன்னார்கள். பொன்னுலிங்கம் கடையில் மிளகாய் நிறுத்துக்கொண்டே, ஃபெஸ்டிவல் சாருக்குச் சுகந்தானா என்று அவளிடமே கேட்டார். தான் ஜெயித்துவிட்டதாக நினைத்திருந்த நேசம்மாளுக்கு அந்தப் பெயர் முதல் இரண்டு நாள் இனித்தது, பிறகு கசந்தது. இவரைப் பார்த்துச் சிரிக்க இவர்கள் யார்? மூக்கைச் சிந்திச் சிந்தி அழுத அதே கூட்டம்தானே. பாட்டு எப்போது தொடங்கும் என்று கேட்டவருக்கு ஒரு சிரிப்பா? தன் கணவனை வெறுக்கிற உரிமை பதினெட்டு வருஷம் சோறு பொங்கிப்போட்டுச் சம்பாதித்தது, அதைக் கண்டவனெல்லாம் ஓசியில் எடுத்துக்கொள்வதா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. மிளகாயைத் திருப்பிக் கொட்டிவிட்டு வேறு கடைக்குப் போனாள்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை. இப்போது அவள் கைப்பிடியால் சாவி கொடுத்து, இரும்பு ஊசி வைத்து, நெம்பை நடுவில் நிறுத்தி, அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து கேட்பாள். விரல் சும்மா இருப்பது இன்னும் பழகவில்லை. பாட்டு பாதியில் இருக்கும்போது வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது. எஸ்டேட்டில் மழையால் ரப்பர் பால் வெட்டு இல்லை, சீக்கிரமாக வந்துவிட்டார். அவள் எழுந்திருக்கவில்லை. இனி எதற்கு எழுந்திருக்க வேண்டும்? அவர் நிலைப்படியிலேயே சொட்டச் சொட்ட நின்றார். தட்டு ஓடி முடிந்து ஊசி கரகரவென்று உரசியது. துரை இதைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்று ஒரு வாக்கியம் வரும், வரட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

"நேசம், ஒருக்கா பைய வைப்பியா?"

மெதுவாகவா? அவளுக்குச் சரியாகக் கேட்டதா என்றே சந்தேகமாக இருந்தது. "பைய வைக்கது தப்பாக்கும் எண்ணு மதாம்மா சொன்னாளே."

"தப்புதான்." குடையின் நுனியால் தரையில் தேங்கிய தண்ணீரைக் கோடிழுத்தார். "எனக்கு அதாக்கும் பிடிச்சது."

நேசம்மாள் அந்த வாக்கியத்துக்குள் துரையைத் தேடினாள். துரைசானியைத் தேடினாள். செத்துப்போன வித்துவான் மனைவியைக்கூடத் தேடினாள். ஒருவரும் இல்லை. பதினெட்டு வருஷத்தில் இந்த மனுஷன் வாயிலிருந்து இப்படி ஒன்று வந்ததில்லை. வந்ததுதான் வந்தது, தப்பான ஒன்றின்மேலா வரவேண்டும் என்று இருந்தது. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமைகளில் வடிந்த அந்தக் கண்ணீரில் கொஞ்சம் நிஜமாகவும் இருந்திருக்கும். அந்த எண்ணம் அவளுக்குப் பிடிக்கவில்லை. வெறுக்கச் சுலபமாக இருந்த ஆள் கொஞ்சம் கஷ்டமான ஆளாகிவிட்டார்.

நெம்பை எஸ் முனைக்குத் தள்ளினாள். புது ஊசி மாற்றி வைத்தாள். ஆண்பிள்ளைகள் கூடி அழத் தொடங்கினார்கள். செல்வதாஸ் ஈரத்தோடேயே நிலைப்படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நேசம்மாளுக்கு அது அன்றைக்கும் சகிக்கவில்லை, இழுவை இழுவைதான். ஆனாலும் முடியும்வரை கேட்டாள்.

முடிந்ததும் அவர் எழுந்து வந்து, மறுபடி சாவி கொடுக்கக் கைப்பிடிக்காகக் கையை நீட்டினார்.

"நீங்க இருங்க. நான் சுத்துதேன்," என்றாள். சுற்றி முடித்துவிட்டுக் கைப்பிடியைக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.